நீலம்மை மாமி வீட்டு மேல்தளம்

ஏப்ரல் 3, வியாழன்

நீலம்மை மாமி வீட்டுச் சுவர் இன்று ஜன்னல் மட்டத்தைத் தாண்டியது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. தான் கட்டிய சுவரைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு நின்றால் கிறுக்கி என்பார்கள். பக்கத்தில் யாரும் இல்லை, தடவினேன்.

பழங்குடியினர் வீட்டுத் திட்டத்தில் எங்கள் காணிக்குடிக்குப் பதினோரு வீடு வந்திருக்கிறது, மாமியுடையது முதல். போன வருஷம் அரசுதான் என்னையும் இன்னும் மூன்று பெண்களையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கொத்தனார் வேலை பழக்கியது. பழக்கிவிட்டு, வீடு கட்ட மட்டும் வெளியிலிருந்து காண்ட்ராக்டரா? கூட்டத்தில் எழுந்து கேட்டே விட்டேன். ஓவர்சீயர் லட்சுமிப்ரியா மேடம் சிரிக்கவில்லை. "முதல் வீட்ட நீங்க கெட்டுங்க. மேல்தளம் நல்லா நின்னா மிச்ச பத்தும் ஒங்களுக்கு. இல்லேன்னா ஜான்ரோஸுக்கு" என்றார். ஜான்ரோஸ் குலசேகரத்துக் காண்ட்ராக்டர். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தார்.

ஏப்ரல் 9

அணைக்கு அக்கரையிலிருந்து வள்ளத்தில் மணல் வந்தது. சுமந்து சுமந்து கழுத்து வலி. வேறொன்றும் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 17

ஜான்ரோஸ் வந்து சுவரைச் சுற்றிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. போகிற போக்கில் ஒரு குத்து. "சுவரு கோணுனா பூசி மறைச்சிரலாம் பிள்ளே. மேல்தளம் தொங்கிச்சுன்னா எதக் கொண்டு மறைப்பிய?"

"ஒம்ம வாயக் கொண்டுதான்" என்றேன். ரதீஷ் வீட்டுக்கு வந்தபிறகு திட்டினான். பெண்டாட்டிக்குக் கொத்து வேலையோடு வாயும் சேர்த்துப் பழக்கி அனுப்பியிருக்கிறார்களாம். அந்த வாய் எனக்குப் பிறவியிலேயே உண்டு, கல்யாணத்துக்கு முன்னால் அவன் விசாரித்திருக்க வேண்டும்.

மே 2, வெள்ளி

மேல்தளம் போட்டாயிற்று!

எங்கள் குடியில் யார் வீட்டுக்குக் கூரை மேய்ந்தாலும் எல்லாரும் வந்துவிடுவார்கள், கூப்பிட வேண்டியதில்லை. இன்றும் அப்படித்தான். ரப்பர் பால் வெட்டப் போனவர்கள்கூட வெட்டாமல் திரும்பி வந்தார்கள். நான் மேலே நின்று கான்கிரீட்டைப் பரப்ப, கீழிருந்து சட்டி கை மாறி கை மாறி வந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறுவதற்குள் பாதி முடிந்தது. ஓரிடத்திலும் வேலை நிற்கவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் மாமி செலவு. ஒற்றை ஆள், பிள்ளை இல்லை. மழைக்காலம் முழுக்க ஒழுகும் குடிசையில் சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிடந்தவர். இன்று எல்லாருக்கும் தன் கையால் பரிமாறினார்.

மேலிருந்து பார்த்தால் அணை முழுக்கத் தெரிகிறது. எனக்குப் பெருமையாக இருக்கிறது. இருந்தால் என்ன, இருக்கட்டும்.

மே 3

கடவுளே, இப்படியா நடக்கணும்?

காலையில் கான்கிரீட் இறுக மேல்தளத்தில் தண்ணீர் கட்டப் போனேன். வீட்டுக்குள்ளிருந்து புகை. உள்ளே ஓடினால், முட்டுக் கம்புகளுக்கு நடுவில் மூன்று கல் கூட்டி, பச்சை இலை போட்டுப் புகை மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மாமி. பலகையையும் ஈரக் கான்கிரீட்டையும் தாங்குவதே அந்தக் கம்புகள்தான். மூன்று கம்பு கரிந்திருக்கிறது. ஒன்றைத் தீ பாதிக்குமேல் தின்றுவிட்டது.

"புதுக் கூரைக்குப் புகை போடாண்டாமா மக்கா? பூச்சி அரிச்சிராதா?" என்றார்.

புல்லும் ஈத்தை இலையும் வேய்ந்த கூரைக்குப் போடுகிற புகை. கான்கிரீட்டைப் பூச்சி தின்னுமா மாமி? கத்தினேன். என்னென்னமோ கத்தினேன். மாமி வாளித் தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கரிந்ததைத் தொடாமல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் புதுக் கம்பு நாட்டி ஆப்பு அடித்தோம். மேல்தளம் தாழ்ந்ததா இல்லையா, பலகையைக் கழற்றினால்தான் தெரியும்.

மறைக்கலாமா? மறைத்திருக்கலாம். ஆனால் விழுந்தால் மாமி தலையில்தானே விழும்? பாறைக்கு மேல் ஏறி, சிக்னல் பிடித்து, மேடத்திடம் சொல்லிவிட்டேன். "கழத்தும்போ நான் வருவேன். அது வரைக்கும் ஒரு முட்டுக் கம்பையும் தொடாதீங்க" என்றார்.

மே 5

மாமி என்னைக் கண்டால் திரும்பிக்கொள்கிறார். மழைக்கு ஒழுகாத ஒரு வீடு வேண்டுமென்று கேட்டவர், அந்தக் கூரை நீண்ட நாள் இருக்கட்டும் என்றுதானே செய்தார்? நாகர்கோவிலில் கற்றதையெல்லாம் நாங்கள் நாலு பேரும் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம். வீட்டுக்காரிக்கு ஒருத்தி சொன்னாளா? நான் சொன்னேனா?

மே 11

கோடை மழை. மேல்தளத்துக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை மிச்சம்.

மே 24, சனி

மேடம் வந்தார். ஜான்ரோஸும் அதே வள்ளத்தில் வந்து இறங்கினார். குடி மொத்தமும் முற்றத்தில். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன். நடு முட்டிலிருந்துதான் கழற்ற வேண்டும். சுத்தியலை ஓங்கும்போது பக்கத்தில் ஆள் அரவம். மாமி.

"வெளிய போங்க மாமி."

"போவமாட்டேன். தீ வச்சது நான். விழுந்தா ரெண்டு பேரு மேலயும் விழட்டு."

என் ஹெல்மெட்டைக் கழற்றி மாமி தலையில் வைத்தேன். கண் கலங்கியது, ஆப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. துடைத்துக்கொண்டு அடித்தேன். ஒன்று. அடுத்தது. கரிந்த கம்பு. ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் பலகையும் இறங்கியது. மேல்தளம் அப்படியே நின்றது.

மேடம் மூலைக்கு மூலை நூல் கட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் பார்த்தார். சுத்தியலால் இடம் இடமாகத் தட்டிப் பார்த்தார். ஒரு மூலையில் கரி படிந்திருக்கிறது. விரிசல் இல்லை.

"தொங்கல் இல்ல" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "மிச்சமும் நீங்கதான்."

நாலு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். சிமெண்ட் தூசியில் அழுதால் முகம் எப்படி இருக்கும் என்று ரதீஷ் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். அழிக்கச் சொன்னேன், மாட்டானாம். ஜான்ரோஸ் எப்போது வள்ளம் ஏறினார் என்று யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 8

நாலு நாளாக நல்ல மழை. மாமி வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. போய்ப் பார்த்தேன். தரையில் பாய் விரித்து, மேலே பார்த்தபடி படுத்திருந்தார். நானும் பக்கத்தில் படுத்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ரெண்டாம் வீட்டு மேல்தளம் நேற்றுப் போட்டோம். காலையில் தண்ணீர் கட்டப் போனால் வாசலில் கம்போடு மாமி. யாரும் நெருப்போடு உள்ளே போகக் கூடாதாம். எங்கள் குடித் தலைவர் மூட்டுகாணியே பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மத்தியானம் ஜான்ரோஸ் வந்தார். குலசேகரத்தில் அவர் எடுத்திருக்கும் வேலைக்குக் கொத்தனார் கிடைக்கவில்லையாம், எங்களைக் கேட்க வந்திருக்கிறார். நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். கீழே மாமியின் குரல் கேட்டது.

"அங்கயே நில்லும். எங்க மேஸ்திரி வேலையா நிக்கா. எறங்கி வருவா."