பைப் வேலை சேராத மதிப்பீடு

கலகெதர,
2025 நவம்பர் 3

அன்பு மகள் றிப்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குளியலறையைத் திருத்தாவிட்டால் நோன்புக்கு முன் என்னைத் தெஹிவளைக்கு அழைத்துக்கொள்வதாகச் சொன்னாய். உன் உம்மா வழுக்கி விழுந்து மௌத்தான தரையில் நான் தனியே நடப்பது உனக்கு அச்சம். ஆகவே மேசன் வேலை செய்யும் தாஸிம் பாஸைக் கொண்டு மதிப்பீடு எழுதுவித்து இத்துடன் வைத்துள்ளேன். சொரசொரப்பான டைல்ஸ், சுவரில் பிடிகம்பி, உயரமான கமோட். நீ ஒதுக்கிய ஐந்து இலட்சத்துக்குள் அடங்கும். இவ்வீட்டிலேயே நான் இருக்க இசைவு தா.

உனக்காகத் துஆச் செய்யும் வாப்பா,
மஹ்மூத்

தெஹிவளை,
நவம்பர் 11

அன்பு வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மதிப்பீட்டில் பைப் வேலை எங்கே? பாஸிடம் கேட்டேன். "நான் போட்டன் தங்கச்சி, உங்கட வாப்பா ஹாஜியார்தான் வெட்டச் சொன்னார்" என்கிறார். துருப்பிடித்த பைப்பின் மேல் புது டைல்ஸா? ஒழுகினால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிற இடமா இது? பிடிவாதம் என்றால் பெட்டியைக் கட்டுங்கள். பிள்ளைகள் உங்களுக்கு அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள்.

றிப்தா

கலகெதர,
நவம்பர் 19

அன்பு மகளுக்கு,

மிச்சம் பிடிக்க அல்ல. விடியற்காலை சுபஹ் தொழுகைக்கு முன் தண்ணீர் வரும்போது அந்தப் பைப் முதலில் முனகும். பின்பு இறுக மூடாத குழாயில் விட்டுவிட்டுச் சொரியும். உன் உம்மா வுழூச் செய்யும் ஓசை அதுவே. கைக்கு, வாய்க்கு, முகத்துக்கு, இடையிடையே அவளுடைய நிறுத்தம். அவள் வெளியே வரும்வரை, முகம் துடைக்கத் துவாயோடு குளியலறை வாசலில் நிற்பது என் வழக்கம். இன்றும் நிற்கிறேன்.

போன உயிர் மீளாது என்பது என் ஈமான், அதில் ஐயமில்லை. ஆயினும் கதவைத் தள்ள மனம் துணிவதில்லை.

"பைப்ல காத்து அடைக்கிது ஹாஜியார். அதுக்கும் சுபஹ் தொழுவுற வயசாகிட்டுது" என்று தாஸிம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உன் சொல்லே சரி. பைப்பையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

வாப்பா

தெஹிவளை,
நவம்பர் 26

வாப்பா,

பைப்பைத் தொட வேண்டாம். போனில் சொல்ல எடுத்தேன். உம்மா என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து தங்குகிறேன். விடிய எழுந்து நானும் உங்களோடு வாசலில் நிற்க வேண்டும்.

றிப்தா

கலகெதர,
டிசம்பர் 2

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தபோது தாஸிம் டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார். பழைய பைப்பை இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார். உன்மேல் குறையில்லை.

வேலை நேர்த்தி. கம்பி உறுதி, தரை வழுக்கவில்லை. இன்று சுபஹுக்கு முன் வழமைபோல் நின்றேன். பக்கத்து வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கே ஓசை எழவில்லை. நின்றதில் பள்ளியில் ஜமாஅத் தொழுகை தவறிப்போயிற்று. பின்னர் கதவைத் தள்ளினேன். உள்ளே எவருமில்லை.

வெள்ளிக்கிழமை வரும் வாகனத்தில் தெஹிவளைக்கு எனக்கும் இடம் வைத்து வா. துவாயை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

வாப்பா