துவான் சித்தப்பா வாயில் உன் அப்பா குரல்

சைகோன்

அன்பு மகள் ஹானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் மட்டும்தான் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயல் பாப்பும் அந்தப் பனியில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா நடுவில் பிடுங்கி, மழை பெய்ததா, சோறு ஆயிற்றா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம். நேற்று அவருடைய படம் வெளியாகிவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும், பொறுமையாகப் படி.

நீ பிறப்பதற்கு முன்பே அவர் முகம் ஊரறிந்த முகம். காலண்டரில்கூட மோட்டார் சைக்கிளில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நிற்பார். ஆனால் ஒரு படத்தில்கூட அவர் குரல் கிடையாது. அப்போதெல்லாம் படம் பிடிக்கும் இடத்தில் ஒலியைப் பதிவதில்லை, பிறகு வேறு ஆட்கள் பேசி ஒட்டுவார்கள். குவாங் நாம் கடற்கரைப் பேச்சு மாறாத உன் அப்பாவுக்குக் கடைசிவரை குரல் கொடுத்தவர் நம் துவான் சித்தப்பாதான். முதல் படத்திலேயே தயாரிப்பாளர், "மூஞ்சி சினிமாவுக்கு, வாய் மீன் சந்தைக்கு" என்று சொல்லிவிட்டாராம், மனிதர் அதை இன்னும் மறக்கவில்லை. நாலு வயதில் நீ டிவியில் படம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த துவானைக் கட்டிக்கொண்டு "இவர்தான் டிவி அப்பா" என்றாய். எல்லாரோடும் சேர்ந்து உன் அப்பாவும் சிரித்தார், அன்று இரண்டாவது கிண்ணம் சோறு மட்டும் வாங்கவில்லை.

இப்போது இயக்குநராக முதல் படம், அதுவும் உன் தாத்தாவைப் போல ஒரு மீனவரின் கதை. நீங்களே நடியுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "இந்த வாயை வச்சுக்கிட்டா? ஜனம் சிரிக்கும்" என்று மறுத்துவிட்டு, துவானை மீனவராக்கினார். "இத்தனை வருசமா இவன் குரலைத்தான கேட்டாங்க, மூஞ்சியையும் பாக்கட்டும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் துவான் வாழ்நாளெல்லாம் கையில் தாளை வைத்துக்கொண்டு பேசியவர், ஒத்திகையில் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை.

அவர் ஊர்ப் பக்கம், தாம் கீ கடற்கரையில் முதல் நாள் படப்பிடிப்பு. சுட்ட பன்றி படைத்து, ஊதுவத்தி கொளுத்தி, கேமராவின் சிவப்புத் துணியை எடுத்தோம். துவான் கடகடவென்று ஒரு வரி பிசகாமல் பேசிவிட்டார்! எல்லாரும் கை தட்டும்போது, ஒலிப்பதிவு செய்யும் பெண் உயென் காதுக்கருவியைக் கழற்றினாள், முகம் வெளுத்திருந்தது. "இங்க இன்னொருத்தர் பேசறாரு. ஒவ்வொரு வசனத்தையும் அவர் முன்னாடி சொல்ல, இவர் பின்னாடி சொல்றாரு" என்றாள். துவான் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெரிய வட்டக் கூடைப் படகைத் தவிர ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து யாருக்கோ என் பையிலிருந்து தி பழத்தின் வாசனை அடித்துவிட்டது. காலையில் துணிகளுக்கு நடுவே வைக்க வாங்கி, மறந்து தூக்கி வந்திருக்கிறேன். அந்த மஞ்சள் பழம் என்றால் நடிகர்கள் கும்பிடும் மூதாதைத் தெய்வத்துக்கு உயிர், வாசனை பிடித்து இறங்கி வந்து விளையாடிவிடுவார் என்று நம் ஆட்களுக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியுமே. கேமராக்காரப் பையன் கும்பிட்டுக்கொண்டே, "அத்தை, மொதல்ல பழத்தோட கெளம்புங்க!" என்று கெஞ்சினான். நான் காதுக்கருவியை வாங்கிக் கேட்டேன். சட்டி மீனில் காரம் போதாது என்று கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திட்டும் குரல் எனக்குத் தெரியாதா? நேராகப் போய்க் கூடைப் படகை ஒரு உதை விட்டு, "மூதாதையரே, வெளிய வாங்க" என்றேன். தலையெல்லாம் மணலோடு உன் அப்பா தவழ்ந்து வந்தார், கையில் வசனத் தாள். தூரத்துக் குடைக்கடியில் இருக்கிறார் என்றல்லவா எல்லாரும் நினைத்திருந்தோம்! சின்னப் பிள்ளைகள் முன்னால் துவான் அவமானப்படக் கூடாது என்று ஒளிந்து வசனம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

எல்லாரும் சிரித்து முடித்த பிறகும் உயென் மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, கோவிச்சுக்காதீங்க. அந்த மீனவரோட நெசக் குரல் படகுக்கு அடியில இருக்கு, வெளிய இல்ல" என்றாள். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். "அவன் மூஞ்சி இப்பத்தான் மொதத் தடவையா திரைக்கு வருது. அவன் குரலப் புடுங்கிட்டு நான் பேசினா நான் மனுசனா?" என்று கத்தினார். பாவம், அந்தக் கோபத்துக்குள் பழைய பயமும் இருந்தது, எனக்குத் தெரியும். துவான் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். "இத்தன வருசம் ஒன் வாயில நான் குடியிருந்தேன். நீ ஒரு படம் என் வாயில இருந்துட்டுப் போடா" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பழத்தைப் புதைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் சைகோன் ஸ்டுடியோவில் துவான் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது மூச்சு வாங்குவது, திரையில் உதடு மூடும்போது எப்படி நிறுத்துவது என்று சொல்லிக்கொடுக்க, உன் அப்பா வியர்த்து வியர்த்துப் பேசி முடித்தார். நேற்று தியேட்டரில் முதல் வசனத்துக்கே சிரிப்புக் கேட்டது. இவர் என் கையை நசுக்கிவிட்டார், வளையல் கோணலாகிவிட்டது. ஆனால் மீனவர் மகளைப் படகேற்றி அனுப்பும் இடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. படம் முடிந்ததும் குவாங் நாமிலிருந்து வந்த ஒரு அம்மா துவானைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்க்காரரா இருந்துக்கிட்டு இத்தன நாள் எங்க இருந்தீங்க?" என்று அழுதாள். துவான் சிரித்துக்கொண்டே உன் அப்பாவைக் காட்டினார்.

குளிருக்கு இஞ்சி போட்டுக் கஞ்சி வைத்துக் குடி, பாப்புக்கு நம் பேச்சைச் சொல்லிக்கொடு, என் பேச்சைச் சொல்லிக்கொடு, அப்பாவுடையதை அவரே சொல்லிக்கொடுப்பார். தேத் புத்தாண்டுப் பண்டிகைக்கு மூன்று பேரும் வந்தே ஆக வேண்டும். வர முடியாமல் போனாலும் படத்தை எப்படியாவது பார்த்துவிடு. ஒன்றை மறக்காதே, மகளின் படகு போன பிறகு மீனவர் நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்பார். உதடு தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்பது துவான் கற்றுக்கொடுத்த தந்திரம். படத்தில் மகளின் பெயர் வேறு, வசனத் தாளில் அங்கே ஒன்றுமே இல்லை. நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று குறைபட்டாயே, அந்த இடத்தில் காதைக் கொடுத்துக் கேள். "ஹான், சோறு தின்னியாம்மா?" என்று கேட்கும்.

எங்கள் இருவரின் ஆசி உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு.

உன் அம்மா,
லான்