பலகையில் இல்லாத வரி

ஒக்ரோபர், ஞாயிறு இரவு

ஸ்ரௌவ்வில் ஊருக்கு அங்காலை இருக்கிற பண்ணைக்காரர், தன்ரை வயல் ஓரத்தாலை காட்டுக்கு நடந்துபோக இண்டைக்குத்தான் முதன்முதல் சனத்தை விட்டார். அதுக்காக எங்கடை நடைபாதைக் குழு எத்தனை தரம் அவரிட்டைப் போய்க் கதைச்சிருக்கும். நான் சந்தோசமா நித்திரை கொள்ளவேண்டிய நாள்.

பாதை வாசலிலை ரெண்டு அறிவிப்புப் பலகை நிக்குது. ஒண்டு இங்கிலிஷ், மற்றது தமிழ். தமிழை எழுதினது நான்.

அஜக்ஸிலை இருந்து வந்த ஒரு அன்ரி ரெண்டையும் ஆறுதலா வாசிச்சா.

"பிள்ளை, இங்கிலிஷிலை முதல் வரியே வாங்கோ, சந்தோசமா நடவுங்கோ எண்டு கிடக்கு. தமிழிலை குப்பை போடாதேங்கோ, பயிரை மிதியாதேங்கோ, கத்திக் கதைக்காதேங்கோ எண்டு மட்டும்தானே இருக்கு?"

"எழுத இடம் காணேல்லை அன்ரி" எண்டன்.

பலகையின்ரை கீழ்ப்பாதி வெறுமையாக் கிடந்தது. அவ அதைப் பாத்தா. பிறகு நடக்க வெளிக்கிட்டா.

வாங்கோ எண்ட அந்த வரியை எடுக்கச் சொல்லி ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. கத்திக் கதைக்கிறதைப் பற்றி இங்கிலிஷிலை ஒரு சொல்லும் இல்லை. அதை நானாத்தான் சேத்தன். குழுவிலை நான் ஒருத்திதான் தமிழ். எங்கடை சனம் ஏதும் பிழை விட்டால் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாப்பினம் எண்ட பயம். பண்ணைக்காரருக்கே இல்லாத பயம்.

பின்னேரம் நடந்து முடிச்சு வந்த அன்ரி, நேரை என்னட்டை வந்தா. கையிலை வெறும் ஜூஸ் பெட்டியும் தோடம்பழத் தோலும். நான் கேக்காமலே நீட்டிக் காட்டினா.

"பாரும் பிள்ளை, ஒண்டும் போடேல்லை."