அடுத்த வைகாசிக்குத் தள்ளிப்போன முகூர்த்தம்

என் பர்வதத்துக்கு,

உன் வருஷாப்திகம் போன வாரம் முடிந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று வாத்தியார் சொல்லித்தான் எனக்கே உறைத்தது.

ஜனவரியில் ஆபீஸ் லீவுப் பட்டியல் வந்ததும் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு உட்காருவாயே, இந்த வருஷம் பஞ்சாங்கம் வாங்கியதோடு சரி, பிரிக்கவில்லை. துக்க வீட்டில் பண்டிகை ஏது? கோகுலாஷ்டமி, நவராத்திரி, கார்த்திகை எல்லாம் இந்தப் பம்பாய் மாட்டுங்கா முழுக்க நடந்தன. தீபாவளிக்கு எதிர்வீட்டுக்காரர்கள் பட்சணம் கொண்டுவந்து வைத்தார்கள். தின்றேன். இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

உன் நாள் கிழமைகளுக்கு லீவு கேட்டுக் கேட்டு ஆபீஸில் என் மானம் போனது உனக்குத் தெரியுமே. இப்போது ஹெட்கிளார்க்கே, இந்த வருஷம் லீவே கிடையாதா என்று மராத்தியில் கேட்கிறார். "காய் ஹோ அய்யர், யா வர்ஷி சுட்டி நாஹீ?" வேண்டாம் என்றேன். லீவு போட்டு என்ன செய்வேன், நீயே சொல்லு?

ஒரு சேதி. மழைக்கு முன்னால், பள்ளிக்கூட லீவில், ஊர் ஜனம் ரயிலேறி வர வசதியாக நம் கமலாவுக்கு நீ பார்த்து வைத்த வைகாசி முகூர்த்தம், நீ பங்குனியில் போனதால் நின்றதே, அதை இந்த வைகாசியில் நடத்துகிறோம். செம்பூர் சம்பந்தி நல்ல மனுஷர், வருஷம் முழுக்கக் காத்திருந்தார்.

பெண்டாட்டி இல்லாதவன் தாரைவார்க்கக் கூடாதாம். முலுண்டிலிருந்து என் தம்பியும் அவன் மனைவியும் வந்து செய்யட்டும் என்றார் வாத்தியார். சரி என்றேன். தாலி கட்டும்போது பெண்ணும் அவன் மடியிலேயே உட்காரட்டும் என்றார். அதற்கும் சரி. இந்த வருஷம் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கமலா வாத்தியார் முன்னால் காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள். "தாரை யார் வேணா வார்க்கட்டும் மாமா. ஆனா எங்கப்பா மடியிலதான் உக்காருவேன். இல்லேன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்." அச்சு உன் கோபம். வாத்தியார் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

எனக்குத்தான் பயமாக இருக்கிறது, பர்வதம். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றிலிருந்து எனக்கு அழுகையே வரவில்லை. மரத்துப்போய்க் கிடப்பது ஒரு விதத்தில் சௌகரியமாகக்கூட இருந்தது. அவள் கனம் மடியில் இறங்கினால் என்ன ஆகுமோ? சம்பந்தி, நாயனக்காரர், ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பார்க்க உடைந்துபோய்விடுவேனோ?

ஆனாலும் உட்காருவேன். பாதியில் எழுந்து ஓடமாட்டேன். மூன்று முடிச்சும் விழுகிறவரை அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பேன். அழுகை வந்தால் வரட்டும், துடைத்துக்கொள்ளக் கை ஒழியாது.

இப்படிக்கு,
உன் கமலாவின் அப்பா