தடித்த எழுத்தும் மூன்று சுழியும்

மார்ச் 4, செவ்வாய்

தடித்த எழுத்துரு முடிந்தது. எட்டு மாத வேலை. ஆஸ்பத்திரிப் பலகைகளுக்காக வரைந்தது. நெளிவு அலங்காரம் எதுவும் இல்லாமல், எல்லாக் கோடும் ஒரே கனத்தில், நடைக்கூடத்தின் மறுகோடியிலிருந்தும் தெரிய வேண்டும் என்று. என் வீட்டுக்காரர் அதற்குக் 'குண்டன்' என்று பெயர் வைத்திருக்கிறார். முதலாளி திரையில் பார்த்துவிட்டு, "கம்பீரமா இருக்கும்மா. அப்படியே பலகைக்கு எழுத்து வெட்டக் குடுத்துடலாம்" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு!

மார்ச் 6, வியாழன்

தங்கை அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மூலம் அனுமதி வாங்கி, 'கண் பிரிவு' என்று பெரிதாக அச்சடித்த தாளை அந்த வாசலுக்கு மேலே ஒட்டினேன். இருபதடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஓர் அம்மாள். ஒரு கண்ணில் கட்டு. தாளுக்கு நேர் கீழே நின்றுகொண்டு என்னைக் கேட்கிறார்: "ஏம்மா, கண்ணு பாக்குற எடம் எது?"

மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தார்.

"என்னமோ கறுப்பா அப்பியிருக்கு. கண்ணு தெரியாமத்தானேம்மா இங்க வந்திருக்கேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. அதுதான் சுருக்கென்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நானும் பார்த்தேன். மூணு சுழி ண, சுழியே இல்லாமல் ஒரு கட்டியாகக் கிடந்தது. பக்கத்து வாசலில் ஒட்டிய 'நீரிழிவுப் பிரிவு' தாளும் அதே கதை. நெடிலின் சுழி அடைத்துக்கொண்டு 'நிரிழிவு' ஆகிவிட்டது. எட்டு மாதமாக ஒரு முழத் தூரத்தில் வைத்தே பார்த்திருக்கிறேன். என்ன புத்தி எனக்கு?

மார்ச் 7

திரும்ப வரைய வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். "பதினெட்டாந் தேதி வெட்டப் போகுது. அம்புக்குறி இருக்குல்ல, ஜனங்க போயிடுவாங்க" என்றார்.

"அப்ப எழுத்து எதுக்கு சார்? அம்புக்குறிய மட்டும் மாட்டிடலாமே."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லையே. அது போதும்.

மார்ச் 8

வெளிக்கோட்டின் கனத்தைத் தொடுவதில்லை. உள்ளே சுழிகிற கோடுகளை மட்டும் இளைக்க வைக்கிறேன். "குண்டனுக்குப் பத்தியமா?" என்கிறார் இவர். சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

மார்ச் 10

ண. பதினேழாவது தடவை. தப்பு.

மார்ச் 12, புதன்

வந்துவிட்டது! இளைத்தது மட்டும் போதவில்லை. ண-வை இன்னும் கால்பங்கு அகலமாக்கினேன்; மற்ற எழுத்துகளையும் அதற்கேற்ப. சுழிகள் மூச்சுவிடுகின்றன. எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரில் ஒட்டி, என் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தெருவிலிருந்து படித்தேன். படிக்க முடிந்தது.

ஆனால் ஒன்று சரியானால் இன்னொன்று இடிக்கிறது. எழுத்து அகலமானதில் 'நரம்பியல் பிரிவு' பலகைக்கு வெளியே போகிறது. காலிப் பலகைகள் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டன. "எழுத்த நெருக்கிப் போடு" என்கிறார் முதலாளி. நெருக்கினால் பழைய கறுப்புக் கட்டிதான். மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

மார்ச் 14

காலையில் நாற்பத்தாறு பலகைகளின் பட்டியலையும் வாய்விட்டுப் படித்தேன். எலும்புப் பிரிவு, இதயப் பிரிவு, குழந்தைகள் பிரிவு... பட்டென்று நிறுத்தினேன். எல்லாவற்றிலும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது ஒரே வார்த்தை. யாருக்கும் தேவைப்படாத வார்த்தை.

முதலாளியையும் இழுத்துக்கொண்டு தலைமை மருத்துவரிடம் போனேன். கறாரான அம்மா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பட்டியலை அவர் மேஜையில் வைத்துக் கேட்டுவிட்டேன்: "மேடம், ஆஸ்பத்திரில வாசலுக்கு வாசல் பிரிவு பிரிவுன்னு எதுக்கு எழுதணும்? கண், காது, எலும்புன்னா போதாதா?"

பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! "இத்தனை வருஷமா அதைத்தான் மாட்டி வச்சிருக்கமா? சொந்தக்காரங்க வயித்துல புளியக் கரைக்கிற மாதிரி! எடுத்துடுங்க."

வெளியே வந்ததும் முதலாளி, "உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மார்ச் 18

அனுப்பிவிட்டோம். நாற்பத்தாறையும் முதலாளி என்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். டீயும் அவரே போட்டுக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 9

பலகைகள் ஏறிவிட்டன. ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாந்து பார்க்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். இரண்டு பேர்தான் வழி கேட்டார்கள்; இரண்டு பேரும் கேட்டது கேன்டீனுக்கு. அதற்குப் பலகையே கிடையாது. "அக்கா, கெளம்பு. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா உனக்கும் ஊசி போட்டுடுவாங்க" என்று தங்கை விரட்டினாள்.

எழுத்துருவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று தலைமை மருத்துவர் அறிவிக்கச் சொல்லியிருக்கிறார். முதலாளி சம்மதித்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பஸ்ஸில் போகும்போது தூரத்தில் ஒரு டயர் கடை. பலகையில் என் எழுத்து! ஆரஞ்சு நிறம், பின்னால் பச்சை நிழல், பக்கவாட்டில் ரப்பர் மாதிரி இழுத்து... சண்டை போடுவது என்றே அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

கடைக்காரம்மா வல்கனைசிங் பண்ணிக்கொண்டிருந்தார். "எழுத்தை ஏங்க இப்படி இழுத்து வச்சிருக்கீங்க?"

"டயருன்னா அகலமா இருந்தாத்தானே நல்லாருக்கும்?" கையைத் துடைத்துக்கொண்டே பலகையை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், அந்தக் கோடியில இருந்தே தெரியலையா?"

தெரிந்தது. தெரிந்ததால்தானே இறங்கினேன்.

சண்டை போடவில்லை. அவர் கேட்பதும் நியாயம்தான். அகலம் வேண்டும் என்பவர்களுக்கு அகலமாகவே வரைந்து தரவேண்டும், இழுக்கவிடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் புதுத் தாளை எடுத்துவைத்துக்கொண்டேன்.

இன்று 'ட' மட்டும் முடிந்தது.