தன்னை மறக்கும் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்று சொல்லாதது: "சார், நீங்கள் தட்டிக்கொண்டிருப்பது நெட் பெட்டி இல்லை. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் பெட்டி."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் எங்கள் தெரு சங்கத்தின் செயலாளர் அதை அத்தனை உரிமையோடு தட்டிக்கொண்டிருந்தார். "இப்பிடி ரெண்டு போட்டாதாம்மா வழிக்கு வரும்." நெட் வழிக்கு வரவில்லை. மோட்டார்தான் ஓடத் தொடங்கியது. மேல்தொட்டி நிரம்பி வழிந்து, காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி நனைந்தது.

எதற்கெடுத்தாலும் "தீர்மானம் போட்டுடலாம்" என்பார். அதனால் தெருவில் அவர் பெயரே தீர்மானம். இன்றும் போட்டுவிட்டார். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. தெருவின் சொந்த நெட்டைக் கழற்றிவிட்டு, வீட்டுக்கு வீடு கம்பெனி இணைப்பு வாங்குவதாம்.

"நீ கட்டின வலைக்கு பதிலா ஜன்னலுக்கு கொசுவலை கட்டியிருந்தா தெருவே உன்னை வாழ்த்தியிருக்கும்."

இதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பதினொரு வீடுகள். ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஒரு பெட்டி, அதிலிருந்து கீழே வீட்டுக்குள் இருக்கும் ரூட்டருக்கு ஒரு கம்பி. மாடிப் பெட்டிகள் ஒன்றோடொன்று காற்றிலேயே பேசிக்கொள்ளும். வெளியுலகத்துக் கம்பி வருவது அச்சகக்காரர் வீட்டுக்கு மட்டும்தான்; அதை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம். பார்த்துக்கொள்வது நான். யார் வீட்டுக்கும் போகாமல் எல்லோர் வீட்டுக்கும் போய்வர எனக்குக் கிடைத்த ஒரே வழி இது. இதைப் போய்க் கழற்றுவதா?

மார்ச் 4, புதன்

கோளாறின் முகம் இதுதான்: தெருவில் யார் எதைத் திறந்தாலும் திறப்பதில்லை. பதிலாக ஒரு பக்கம் வந்து, "வணக்கம்! வாருங்கள், உங்கள் புதிய ரூட்டரை அமைப்போம்" என்கிறது. அம்மா அமைக்கவே தொடங்கிவிட்டார்.

"ஏம்மா அதை அழுத்தினே?"

"எவ்ளோ மரியாதையா கேக்குது. இந்த வீட்ல யாரு என்னை வாங்கன்னு கூப்பிடறீங்க?"

போன சனிக்கிழமை எல்லா ரூட்டருக்கும் புது ஃபர்ம்வேர் ஏற்றினேன். ஃபர்ம்வேர் என்பது பெட்டிக்குள் இருக்கும் புத்தி. புது புத்தி சரியில்லை போலிருக்கிறது. ஆராய்ச்சியெல்லாம் பண்ணாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பதினொன்றுக்கும் பழைய ஃபர்ம்வேரையும் பழைய அமைப்புகளையும் திரும்ப ஏற்றினேன். மாலைக்குள் நெட் வந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

ஓடுகிறது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு விடும்போது காற்றுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

மார்ச் 6, வெள்ளி

போயிற்று. பழைய ஃபர்ம்வேரிலும் போயிற்று. அப்படியானால் புதியது பாவம்.

இன்று ஒழுங்காக லாக்கை, அதாவது ரூட்டர்கள் தாமே எழுதிவைக்கும் நாட்குறிப்பை, படித்தேன். நெட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு மொபைலுக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும், வங்கியில் டோக்கன் கொடுப்பதுபோல. எங்கள் தெருவில் டோக்கன் கொடுக்கும் அதிகாரம் அச்சகக்காரர் வீட்டு ரூட்டருக்கு மட்டுமே. ஆனால் இன்னொரு ரூட்டரும் பக்கத்தில் கடை விரித்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறது! அதனிடம் வாங்கியவர்கள் போய் நிற்கும் வரிசையில் கவுன்ட்டரே கிடையாது.

அது தையலக்கா வீட்டு ரூட்டர். நான் போட்ட அமைப்புகளையெல்லாம் மறந்து, பெட்டியிலிருந்து பிரித்த நாளுக்குத் திரும்பியிருந்தது. கடையிலிருந்து வந்த புதிதில் எல்லா ரூட்டருக்கும் தானே தெருவுக்கு ராஜா என்ற நினைப்பு இருக்கும்.

தூரத்திலிருந்தே சரிசெய்துவிட்டேன். ஆனால் ஏன் மறக்கிறது? கண்ணால் பார்த்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல். "அக்கா, உங்கள் வீட்டு ரூட்டரால்தான் தெருவே முடங்கியிருக்கிறது" என்று எப்படிச் சொல்வது? தீர்மானம் காதுக்குப் போனால் கூட்டத்தில் எழுந்து நின்று அக்கா பெயரையே படிப்பார். அக்காவின் கணவர் கப்பலில் வேலை. கரை தட்டும்போதெல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் முகம் காட்டுகிறார்.

அதனால் நீல மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

"இடுப்புல கொஞ்சம் பிடிக்கணுங்க்கா."

அக்கா அளவுநாடா தேடி உள்ளே போன நேரத்தில் ரூட்டரைச் சுற்றிப் பார்த்தேன். முன்பு அலமாரிக்கு மேலே இருந்தது, இப்போது தையல் மெஷின் மேசையில் இருக்கிறது. கம்பி சரி. பிளக் சரி. தூசுகூட இல்லை. தெருவிலேயே இவ்வளவு சுத்தமான ரூட்டரை நான் பார்த்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஓடுகிறது. ரூட்டரின் நினைவுச் சில்லு தேய்ந்திருக்கலாம் என்று ஒரு கோட்பாடு உருவாக்கியிருக்கிறேன். ஃபர்ம்வேர் எழுதுகிறவர்களின் இணைய மன்றத்தில் நீளமாக எழுதிப் போட்டேன். முகம் தெரியாத ஒருவர் ஒரே வரியில் கேட்கிறார்: "வீட்டில் யாராவது ரீசெட் பொத்தானைத் தொடுகிறார்களா?"

கோபம் வந்தது. அந்தப் பொத்தான் ஒரு குண்டூசித் துளைக்குள் இருக்கிறது. அதை ஊசியால் பத்து நொடி அழுத்திப் பிடித்தால்தான் ரூட்டர் எல்லாவற்றையும் மறக்கும். வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம். மரியாதையான வீடு அது என்று பதில் போட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

மறுபடியும்.

தீர்மானம் எங்கள் வாசலில் நின்று, என்னிடம் இல்லை, எதிர்வீட்டுச் சுவரிடம் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை வரட்டும்."

சரிசெய்துவிட்டு, அதே நீல மேல்சட்டையோடு போனேன். வேறு துணி தோன்றவில்லை.

"இடுப்பு இறுக்குதுங்க்கா. கொஞ்சம் விடணும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெள்ளிக்கெழமை பிடிச்சேன், செவ்வாக்கெழமை விடணுமா? நாலு நாள்ல அப்பிடி என்னத்தடி சாப்பிட்டே?"

அசடு வழிந்தேன். ரூட்டரைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. என் கோட்பாடு நான்கு பக்கம் ஆகிவிட்டது. வெப்பம், மின்னழுத்தம், ஜன்னலில் வந்து உட்காரும் புறா. புறாவுக்கு மட்டும் ஒரு பத்தி.

மார்ச் 11, புதன்

காய்கறி நறுக்கிக்கொண்டே அம்மா சொன்னார்: "அது செவ்வாயும் வெள்ளியும்தானே போகுது?"

பேனாவை வைத்துவிட்டேன். ஒரு வாரமாக லாக்கும் கையுமாக இருக்கிறேன். மணியைப் பார்த்தேன், நிமிஷத்தைப் பார்த்தேன். கிழமையைப் பார்க்கவில்லை.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"எனக்கு சீரியல் தடைபடறது தெரியாதா?"

எந்தச் சில்லு கிழமை பார்த்துத் தேயும்? எந்தப் புறா? செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

மார்ச் 12, வியாழன்

பயமாக இருக்கிறது. நாளைக் காலை முழுக்க அங்கேயே உட்கார வேண்டும். ஒருவர் வீட்டில், நாற்காலியில், பேசிக்கொண்டு! ரஷ்ய நாவல்களில் ஆட்கள் வாரக்கணக்கில் அடுத்தவர் வீட்டில் தங்குகிறார்கள். அவர்களுக்கெல்லாம் எப்படிப் பேச்சு தீராமல் இருந்தது?

மார்ச் 13, வெள்ளி

எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. எழுதிவிடுகிறேன்.

கொண்டுபோக என் அலமாரியில் துணி இல்லை. கூடத்துத் திரைச்சீலையைக் கழற்றினேன். "அது என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றார் அம்மா. அதைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

"கரை அடிக்கணுங்க்கா. அவசரம். இங்கயே இருந்து வாங்கிட்டுப் போறேன்."

"உக்காரு. மெஷினுக்கு எண்ணெ விடற நாளு, அதை முடிச்சுட்டு வரேன். வாரத்துல ரெண்டு தடவ விடலேன்னா இது முரண்டு பிடிக்கும்."

உட்கார்ந்தேன். அக்கா மெஷினின் மூடியைத் திறந்தார். நீள ஊசி ஒன்றை எடுத்து, துணியை நகர்த்தும் பல்லுக்கடியில் சிக்கியிருந்த நூலையும் பஞ்சையும் நோண்டி எடுத்தார். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு எண்ணெய். கைச்சக்கரத்தை ஒரு சுற்று. பார்க்கவே அழகாக இருந்தது. நான் ரூட்டரை மறந்தேபோனேன்.

பிறகு அக்கா அப்படியே, அதே ஊசியோடு, பக்கத்திலிருந்த ரூட்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காற்றுத் துளைகளைத் துடைத்தார். பின்பக்கம் திருப்பினார். குண்டூசித் துளையைக் கண்டுபிடித்து உள்ளே விட்டார்.

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"இதுலதான் ரொம்ப சேரும்போல. உள்ளே ஏதோ மெத்துனு தட்டுப்படுது. நல்லா அழுத்திப் பிடிச்சாதான்..." கண்ணை மூடி, காது குத்துகிற பக்குவத்தோடு அழுத்திப் பிடித்திருந்தார். ரூட்டரின் விளக்குகள் ஒருமுறை அணைந்து எல்லாம் ஒன்றாக மினுக்கத் தொடங்கின.

"பாத்தியா! சுத்தம் பண்ணின உடனே எப்பிடி ஜொலிக்குது பாரு!"

அந்த நேரத்தில் தெருவில் பதினொரு வீட்டு மொபைல்களும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

"அக்கா," என்றேன். "அது பஞ்சு இல்லக்கா."

சொல்லிவிட்டேன். டோக்கன், ராஜா நினைப்பு, நான்கு பக்கக் கோட்பாடு, எல்லாவற்றையும். இத்தனை நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அக்காவின் கை ஊசியோடு அப்படியே நின்றது.

"தெரு பூராவும் என்னாலயா?"

"நீங்க சுத்தமா வெச்சிருக்கீங்க. அதான்."

"அதுக்குத்தான் வாரத்துக்கு ரெண்டு தடவ இடுப்ப மாத்திட்டு வந்தியா? நேரா வந்து சொன்னா நான் என்ன கடிச்சா வெப்பேன்?" சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. பிறகு முகம் மாறியது. "நெட்ட கழட்டிட்டா கப்பல்லேர்ந்து உங்கண்ணன் கூப்பிடறப்ப நான் எங்க போய் நிப்பேன்?"

கடைசியில், "நல்லவேளை" என்றார். "ஒரு சொட்டு எண்ணெயும் விடலாம்னுதான் நெனச்சிருந்தேன்."

மார்ச் 14, சனி

"இனிக் குத்தாதீர்கள்" என்று சொன்னால் அக்கா குத்தமாட்டார். ஆனால் நாளைக்கு இன்னொரு வீட்டில் இன்னொருவர் குத்துவார். துளை என்று ஒன்று இருந்தால் மனிதர்கள் குத்தத்தான் செய்வார்கள். திருந்த வேண்டியது ஃபர்ம்வேர்.

நாள் முழுக்க உட்கார்ந்து எங்கள் தெருவுக்கென்றே ஒரு ஃபர்ம்வேர் கட்டினேன். அமைப்புகளை மேலே எழுதாமல் அடியிலேயே பதித்துவிட்டேன். இனி ரூட்டர் எல்லாவற்றையும் மறந்தாலும், விழிக்கும்போது எங்கள் தெருப் பிள்ளையாகவே விழிக்கும். டோக்கன் கடை விரிக்காது. பதினொன்றிலும் ஏற்றினேன்.

சோதிக்க அக்காவையே கூப்பிட்டேன். ஒரு முழு நிமிஷம் குத்தினார். விளக்குகள் அணைந்தன, மினுக்கின, எரிந்தன. தெரு நெட் அறுந்துபோகவில்லை.

"இன்னொரு தடவ குத்தட்டுமா?" என்றார் ஆசையாக.

மார்ச் 15, ஞாயிறு

அச்சகக்காரர் வீட்டுக் கூடத்தில் கூட்டம். எல்லோரும் இருந்தோம், தீர்மானத்தைத் தவிர. காலையில் பரணிலிருந்து பழைய கோப்பு எடுக்க முக்காலியில் ஏறி, கால் பிசகிவிட்டதாம். "நான் இல்லாம தீர்மானமா?" என்று வீட்டிலிருந்தபடியே, எங்கள் நெட்டிலேயே, வீடியோவில் வந்துவிட்டார். அச்சகக்காரர் சுவர் முழுக்க அவர் முகத்தைக் காட்டினார். மூக்கு மட்டும் ஒரு ஜன்னல் அளவுக்கு இருந்தது.

தீர்மானத்தைப் படித்தார். அடிக்கடி அறுந்துபோகும், நம்பகமற்ற, தெளிவில்லாத இந்த நெட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு சொல் விடாமல், ஒரு இடத்திலும் திக்காமல், நிறுத்தி நிதானமாகப் படித்தார். படித்து முடித்ததும் கூடத்தில் எல்லோரும் சுவரையே பார்த்தோம். அச்சகக்காரர் மட்டும் இருமினார்.

நான் எழுந்து நிற்பதற்குள் தையலக்கா எழுந்தார். "அறுந்துபோனது என்னாலதான்" என்று ஊசிக் கதையை அப்படியே சொல்லிவிட்டார். பிடிபட்டுவிட்டோம் என்ற கூச்சமே இல்லாமல். பிறகு கடைசி வீட்டு வாத்தியார் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நான் தூசு படாம இருக்க பாலிதீன் கவர்ல போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். தப்பா?"

மருந்துக்கடைக்காரர் மத்தியானம் இரண்டு மணி நேரம் அணைத்துவிடுகிறாராம். "அதுக்கும் ஓய்வு வேணாமா?" மூலை வீட்டில் அதன்மேல் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமாம். என் அம்மாவும் எழுந்தார்: "நான் அதுக்கு ஒரு பேர் வெச்சேன்." ஒவ்வொரு வீட்டிலும் அதை அவரவர் பாணியில் வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாகத் திரையில் பதினொரு புள்ளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், நான்.

வாக்கெடுப்பு. கழற்ற வேண்டும் என்று ஒரு கை மட்டும் உயர்ந்தது, சுவரில். அதன் ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

மார்ச் 16, திங்கள்

தீர்மானம் ஆள் அனுப்பியிருந்தார். கால் சரியாகும்வரை படுக்கைதானாம், படுக்கையறைக்கும் ஒரு பெட்டி வேண்டுமாம். காலையில் நானே கொண்டுபோய் மாட்டினேன். மதியம்வரை அங்கேதான், நாற்காலியில், பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.