வெள்ளவத்தையில் ஒளிந்திருந்த வில்லுக்காரிக்கு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். ஏதோ புது விளையாட்டாம், இணையத்தில் ஊர் உலகத்தோடு சேர்ந்து விளையாடுவதாம். திரையில் உருவங்கள் வரிசையாக நின்றன. கேடயம் பிடித்தவன், மந்திரவாதி, காயம் ஆற்றும் வைத்தியக்காரி, கடைசியில் முக்காட்டுக்குள் பாதி முகம் மறைந்த ஒரு வில்லுக்காரி. “அம்மா, எனக்கு எதை எடுக்க?” என்று கேட்டாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். “எதையாவது எடு. அந்த வில்லுக்காரிய மட்டும் எடுக்காத” என்றேன். ஏன் என்று கேட்டபோது தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். அது உன்னுடையது, பெற்ற பிள்ளைக்குக்கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பாள்.

உன் முதலாம் ஆண்டுத் திவசம் இன்னும் வரவில்லை. நீ இல்லை என்பது எனக்கு இன்னும் பழகவும் இல்லை. கனடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடியபோது பக்கத்தில் இருந்தவர் உன் கணவர். அதற்கும் எனக்குப் பொறாமைதான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். நீதான் இனி என்னைத் திட்டப்போவதில்லையே.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் நான் கொழும்புக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தைக் காலி வீதியில் அந்தக் கொமியூனிகேஷன் கடையின் கவுண்டரில் இருப்பேன். வெளிநாட்டு அழைப்பு, போட்டோக்கொப்பி, பின்னால் பலகைத் தடுப்புகளுக்குள் கொம்பியூட்டர்கள். நீ யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு வந்து, பின் ஒழுங்கையில் ஓர் அறை எடுத்து, பொலிஸ் பதிவு செய்து, கனடா மாப்பிள்ளையின் ஸ்பொன்சர் விசாவுக்காகக் காத்திருந்தவள். வெள்ளவத்தையில் அந்தக் காலத்தில் பாதிப் பேருக்குக் காத்திருப்பதுதான் வேலை. நீ வந்து மணித்தியாலக் கணக்கில் கொம்பியூட்டர் கேட்டபோது, மின்னஞ்சல் பார்க்கத்தான் என்று நினைத்தேன். பார்த்தால் விளையாட்டு.

உன் கனடாக்காரர்தான் அதைப் பழக்கியவர். இரவு வேலை முடிந்து வந்து, அங்கே விடிந்திருக்கும் நேரத்தில் அவர் விளையாடுவார். இங்கே அது பின்னேரம். போனில் கதைப்பதைவிட மலிவு, அதோடு கதைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் சேர்ந்து நடக்கலாம் அல்லவா? அவர் கேடயக்காரர். உன்னை வைத்தியக்காரியாக வரச் சொல்லியிருந்தார். “நான் முன்னுக்கு நிண்டு அடி வாங்குவன், நீர் பின்னுக்கு நிண்டு காயத்தை ஆத்தும்” என்று எழுதியிருந்தார். நீயும் நல்ல பிள்ளையாக அப்படியே செய்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் முகத்தைக் காணாத மனுஷனுக்கு இப்போதிருந்தே பின்னால் நிற்க வேண்டுமா?

அதற்கு முதல் மாதம்தான் அவருடைய தாயும் தமக்கையும் உன் அறைக்கு வந்து உன்னைப் பார்த்திருந்தார்கள். நடக்கச் சொன்னார்கள், தலைமுடியைப் பின்னியது யார் என்று கேட்டார்கள், தேத்தண்ணீருக்குச் சீனி காணாது என்றும் ஒரு சொல். நீ அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். நான் சிரிக்கவில்லை. “அவங்க ஒன்ன வந்து பாத்தாங்கதானே. நீ அவர எப்ப பாக்கப் போற?” என்றேன்.

“என்னெண்டடி பாக்கிறது? அவர் அங்க, நான் இஞ்ச.”

நான்தான் அந்த முக்காட்டுக்காரியைக் காட்டினேன். அடுத்த கொம்பியூட்டரில் பொடியன்கள் அவளை வைத்து விளையாடுவதைப் பார்த்திருந்தேன். அவள் அசையாமல் நின்றால் எவர் கண்ணுக்கும் தெரியமாட்டாள், மெதுவாக நடந்தாலும் தெரியமாட்டாள். பக்கத்தில் யார் என்ன எழுதினாலும் வாசிக்கலாம். ஓர் அம்பு விட்டால் மட்டும் மறைவு கலைந்துவிடும். நீ வேறொரு பெயரில் அவளைத் தெரிவு செய்தாய்.

“ஒளிக்கிறது எனக்கு நல்லாப் பழகின வேலை” என்றாய். “செக்பொயின்ற்றில பொட்டை அழிச்சிட்டு, வாய் திறக்காம, நான் ஆரெண்டே தெரியாமத்தானே வாறன். இதில மட்டும் நானா விரும்பி ஒளிக்கிறன்.”

அப்படியாக, உலகத்திலேயே முதல்முறையாக ஒரு பெண் மாப்பிள்ளை பார்க்கப் போனாள். அரை மணித்தியாலம் வைத்தியக்காரியாக அவரோடு கதைத்துவிட்டு, “அம்மா கூப்பிடுறா” என்று எழுதிவிட்டு வெளியேறுவாய். உடனே வில்லுக்காரியாக உள்ளே போவாய். மரத்தின் பின்னால், பாலத்தின் கீழ், சந்தைக் கூட்டத்தில், அவருக்கு எட்டுக் காலடி தள்ளி நிற்பாய். கவுண்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நான் உன் கதிரைக்குப் பின்னால் நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த மனுஷனிடம் ஒரு பிழை கண்டுபிடிக்கத்தான் நின்றேன். ஒரு கெட்ட வார்த்தை, ஒரு கள்ளத்தனம், ஒரு கஞ்சத்தனம். ஒன்று அகப்பட்டால் போதும், நீ போகமாட்டாய். எனக்கு அப்போது உன்னைவிட வேறு சிநேகிதி இல்லை.

ஒருநாள் அகப்பட்டது என்று நினைத்தேன். வேறொரு வைத்தியக்காரி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இலண்டனிலிருந்து யாரோ. அவளும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறவள். “உங்கட ஆள் ஒண்டும் தெரியாம நிக்கிறாவே, என்னோட வாங்கோ” என்று எழுதினாள். “பாத்தியா, பாத்தியா” என்று உன் தோளை உலுப்பினேன். அவர் நிதானமாகப் பதில் எழுதினார். “அவ பழகிக்கொண்டு வாறா. எனக்கு அவசரமில்லை.”

நீ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாய். நான் கவுண்டருக்குப் போய், போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒரு பாவப்பட்ட மனுஷனிடம் எரிந்து விழுந்தேன். நல்லவனைக் கண்டால் இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைக்கார அண்ணனின் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். வெளியே வீதியில் எந்நேரமும் பொலிஸ், ஆமி. உள்ளே தமிழ்ப் பொடியன்கள் “சுடு, அடி, குண்டை எறி” என்று கத்தினால் கடைக்கும் ஆபத்து, பொடியன்களுக்கும் ஆபத்து. ஆகையால் எல்லாம் சமையல் பாஷை. சுடுவது பொரிப்பது, அடிப்பது கிண்டுவது, ஒளிப்பது மூடிபோடுவது. “மச்சான், கெதியாப் பொரியடா” என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வரும். வீதியில் போகிறவர்கள் அது ஏதோ சாப்பாட்டுக்கடை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஒரு பின்னேரம் உன் கனடாக்காரர் ஒரு குகைக்குள் தனியாக மாட்டிக்கொண்டார். கேடயம் உடைந்துவிட்டது. பெரிய ஓநாய் ஒன்று அவரைச் சுவரோடு சேர்த்துக் குதறியது. செத்தால்தான் என்ன, விளையாட்டுத்தானே, மறுபடி எழும்பலாம். நீ இருட்டில் நின்றுகொண்டிருந்தாய். உன் விரல் அம்பு விடும் பொத்தானுக்குப் போவதைக் கண்டேன். “பொரிக்காத, பொரிக்காதடி, பேசாம மூடிபோட்டுக்கொண்டு இரு” என்று உன் காதுக்குள் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். நீ அம்பை விட்டாய். முக்காடு விலகி நீ வெளிச்சத்தில் நின்றாய். ஓநாய் விழுந்தது. “தாங்ஸ். நீங்க ஆர்?” என்று அவர் எழுதினார். நீ பதில் எழுதாமல் வெளியே வந்துவிட்டாய். நீ போகப்போகிறாய் என்று எனக்கு அப்போது தெரிந்தது. விசா பிறகுதான் வந்தது.

நீ போனாய். கலியாணப் படம் அனுப்பினாய். பனிச்சப்பாத்து, பிள்ளைகள், புது வீடு என்று வருடங்கள் ஓடின. யுத்தமும் முடிந்தது. நான் கலியாணம் முடித்தேன், கொமியூனிகேஷன் போய் அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். நீ போன் எடுக்கும்போதெல்லாம் பின்னால் அவருடைய குரல் கேட்கும். உடனே எனக்குக் கதை குறைந்துவிடும். “இன்னும் அவரில கோவமே?” என்று சிரிப்பாய். கோபம் இல்லையடி. பொறாமை.

நேற்று அவர் போன் எடுத்தார். உன் சாமான்களை ஒதுக்குகிறாராம். குரல் இறங்கிப்போய்க் கிடந்தது. “அவ எல்லாம் சொல்லிப்போட்டா தங்கச்சி. குகைக்குள்ள என்னைக் காப்பாத்தினதும் தான்தான் எண்டு கலியாணத்துக்குப் பிறகு சொன்னா. ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை” என்றார். “அவ கனடாவுக்கு வெளிக்கிடுறதுக்கு முதல் நாள், அங்கத்தைப் பின்னேரம், அவவுக்காகக் காத்திருந்தனான். பேர் ஒன்லைனில நிண்டது, ஆள் வரேல்லை. ஒரு மறுமொழியும் இல்லை. கேட்டா, வெள்ளவத்தை முழுக்கக் கரண்ட் இல்லை எண்டா. கரண்ட் இல்லாட்டி பேர் என்னெண்டு நிக்கும்? எத்தினையோ தரம் கேட்டிட்டன். சிரிச்சுக்கொண்டு அதையேதான் சொன்னவ. நீங்கள் அண்டைக்கு இருந்தனீங்கள்தானே?”

அன்றைக்கு நீ விளையாட்டுக்குள் போய், திரையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, அதை அப்படியே விட்டு, கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, “வாடி, கடலுக்குப் போவம்” என்றாய். நான் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு ஓடி வந்தேன். தண்டவாளத்தைத் தாண்டி, கல்லில் இருந்து, இருட்டும்வரை கச்சான் கொட்டை உடைத்துச் சாப்பிட்டோம். “இவ்வளவு கிட்ட இருந்தும் என்னெண்டடி ஒருநாளும் வரேல்லை?” என்று நீ கேட்டாய். கனடாவைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாய், அவர் பெரிய மனது பண்ணி விட்ட மிச்ச நேரம் எனக்குக் கிடைத்தது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த எரிச்சலில் அந்தக் கடற்கரையை நான் சரியாக நினைத்துப் பார்த்ததே இல்லை. நீ அவரைக் காக்கவைத்துவிட்டு அல்லவா வந்திருக்கிறாய். கடைசிவரை அவரிடம் சொல்லவும் இல்லை.

அவர் போனில் காத்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனுஷன்.

“ஓம் அண்ணன்” என்றேன். “அன்னைக்கு கரண்ட் போயிட்டுது. கம்பியூட்டர ஒழுங்கா மூடாததால பேர் அப்பிடியே நின்டிருக்கும்.”

“அப்ப சரி” என்று அவர் மூச்சுவிட்டார்.

உன் பிள்ளைகள், உன் வீடு, உன் நோய், உன் கடைசி மூச்சு எல்லாம் அவருக்குத்தான். இருக்கட்டும். அந்தப் பின்னேரத்தை மட்டும் நான் கொடுக்க மாட்டேன்.